நாகேந்திரன் வீட்டுப் பனி

பிச்சாட்டூர் அணைக்கரைத் தெருவில் நாகேந்திரன் வீட்டின் மேல் மட்டும் வெண்பனி கொட்டும். அவன் ராணுவத்தில் ஹவில்தார். வடக்கே பனிமலையில் டூட்டி. லீவில் வந்து மனைவி கன்னிகாவை அவன் அடிக்கும்போதெல்லாம், தும்பைப்பூ உதிர்வதுபோலச் சத்தமில்லாமல் இறங்கும். பக்கத்து வீட்டு மாடியில் அப்போதும் வெயில் காயும், வடகம் உலரும்.

முதல் வருஷம் தெருவே திரண்டு வேடிக்கை பார்த்தது. அடுத்த வருஷம் குண்டானோடு வந்தது. அணையில் பிடித்த மீனை அந்தப் பனியில் புதைத்து அனுப்பினால், திருப்பதி மார்க்கெட் போய்ச் சேரும்வரை செவுள் சிவப்பாகவே இருந்தது. எதனால் கொட்டுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நாகேந்திரன் பஸ்ஸை விட்டு இறங்கினால் மாலை போட்டார்கள், அவன் கொண்டுவந்த கேன்டீன் ரம்மைப் பங்கு போட்டுக் குடித்தார்கள். பட்டாளத்துக்காரன், கொஞ்சம் கோபம் இருக்கத்தான் செய்யும் என்றார்கள். வெட்கங்கெட்ட தெரு, வேறென்ன சொல்ல. கன்னிகாவே பனியைக் கூட்டி வாசலுக்குத் தள்ளிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள்.

போன சித்திரையில் ஒரு மத்தியானம் முழங்கால் உயரத்துக்குக் கொட்டியது. இவ்வளவு என்றைக்கும் கொட்டியதில்லை. மீன்காரி ரேஷ்மா நல்ல பனியாகப் பார்த்து அள்ளலாம் என்று கொல்லைப்புறம் போனாள். தட்டால் வாரியபோது ஒரு கை தட்டுப்பட்டது. நாகேந்திரன் அவளை அடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தான். கன்னிகாவின் உதடு நீலம் பாரித்திருந்தது, மூச்சு இருந்தது.

ரேஷ்மா கூடையைக் கவிழ்த்தாள். "எழுந்திரும்மா. இந்த ஐஸு எனக்கு வேணாம்."

"வெளிய சொன்னா அவரு வேலை பூடும்க்கா."

"உன் உசுரு பூட்டா?"

அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்வாசல் வழியாக ரேஷ்மா உள்ளே போனாள். குண்டானோடு நின்றிருந்த பெண்களும் கன்னிகாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனார்கள். ஒவ்வொருவராகக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நாகேந்திரன் கத்தினான். யாரும் எழுந்திருக்கவில்லை. பனி கூரையைத் தாண்டி அவர்கள் தலையிலும் மடியிலும் இறங்கியது. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. இத்தனை வருஷம் அள்ளிக்கொண்டு போனவர்களுக்கு அது எவ்வளவு குளிர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அங்கேயே உட்கார்ந்து கன்னிகா அவன் யூனிட்டுக்கு போன் போட்டாள். முன்பு அவனோடு ராணுவக் குவார்ட்டர்ஸில் இருந்தபோது கற்ற இந்தியில் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரி முழுக்கக் கேட்டுவிட்டு, இப்போது உங்களோடு யார் இருக்கிறார்கள் என்றார்.

கன்னிகா கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். ரேஷ்மாவுக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. கன்னிகாவுக்கு அழுகை வந்தது. "கால் வைக்க எடமில்ல மேடம்," என்று தமிழிலேயே சொன்னாள்.

அன்று சாயங்காலமே போலீஸ் வந்து நாகேந்திரனை அழைத்துப்போனது. அதன்பிறகு அந்த வீட்டுப் பக்கம் வரக்கூடாதென்று உத்தரவு. பனி எங்கே போனதென்று யாரும் விசாரிக்கவில்லை. இந்தச் சித்திரையில் எல்லார் வீட்டு மாடியும்போல அவள் வீட்டு மாடியும் கொதித்தது. கன்னிகா கதவு ஜன்னலெல்லாம் திறந்துவைத்து, வியர்க்க வியர்க்கத் தூங்கினாள்.