பதினோராம் ஆள்

அக்காவின் பரிசோதனைக்கூடத்தில் தம்பிக்குப் பெயர் கிடையாது, பதினோராம் ஆள். ரத்தம் கொடுப்பவரின் பெயரைக் குழாயில் எழுதக் கூடாது, முடிவை அவரிடம் சொல்லவும் கூடாது என்பது அங்கே விதி. மூன்று வருடமாக மாதம் ஒரு நாள், வேலைக்குப் போகிற வழியில் வந்து சட்டைக் கையை மடித்துவிட்டு, "சீக்கிரம் எடுக்கா, பஸ் போயிடும்" என்பான். அந்த ரத்தத்திலிருந்துதான் அக்கா தன் ஆராய்ச்சிக்கான டென்ட்ரிடிக் செல்களை வளர்த்தாள். கிளை கிளையாகக் கையை நீட்டி, உடம்புக்குள் வரும் கிருமியைப் பிடித்து, அதில் ஒரு துண்டைக் கொண்டுபோய் மற்ற செல்களிடம் காட்டி, அடிப்பதா விடுவதா என்று சொல்லிக்கொடுப்பவை அவை. இரைப்பையில் வாழும் ஒரு பாக்டீரியா இவற்றையே கைக்குள் போட்டுக்கொள்ளும். நம்ம ஆள்தான், விட்டுவிடு என்று இவை போய்ச் சொல்ல, அது வருடக்கணக்கில் சொகுசாகக் குடியிருக்கும்.

அந்தக் கிருமி தம்பிக்கு இருப்பது முதல் மாதமே தெரிந்துவிட்டது. அக்கா செய்ததெல்லாம், ஆரோக்கியமானவர்கள் பட்டியலிலிருந்து அவன் எண்ணை அடித்துவிட்டு, கிருமி உள்ளவர்கள் பட்டியலில் எழுதியதுதான். அந்தப் பட்டியலுக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தாள். மாத்திரை கொடுத்தால் அவன் அதிலிருந்தும் போய்விடுவான். பாதிப் பேருக்கு இருக்கிற கிருமிதானே, பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்வதில்லையே, ஆய்வு முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அவனுடைய செல்கள் அத்தனை சாதுவாக நடந்துகொண்டன. வரைபடம் அழகாக வந்தது. பொய் சொல்வானேன், அவளுக்கு அதில் பெருமைகூட இருந்தது.

இப்போது அவன் இரைப்பையில் புற்று. அறுவைக்குப் போன டாக்டர் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார். வார்டில் தம்பி நர்ஸிடம் அக்காவைக் காட்டி, இவள் வயிற்று நோயில் பெரிய ஆள், இவள் கண்ணில் படாமல் ஒரு கிருமி தப்பாது என்று பீற்றிக்கொண்டான். நர்ஸ் சிரித்துவிட்டுப் போனாள். அக்காவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"இதைக் கொண்டுவர்ற கிருமி உன் வயித்துல இருக்குன்னு எனக்கு மொத மாசமே தெரியும்டா."

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அதுக்கு மாத்திரை இருக்கா?"

"இருக்கு. ரெண்டு வாரம் சாப்பிடணும்."

"அப்பவும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

கண்ணை மூடிக்கொண்டான். கத்த மாட்டானா, இரண்டு வார்த்தை திட்டித் தொலைக்க மாட்டானா என்று அவள் ஏங்கினாள். கண்ணைத் திறந்தபோது, மகளுக்கும் ஒட்டியிருக்குமா என்று மட்டும் கேட்டான். ஒரே வீட்டில் தொற்றக்கூடியதுதான் என்றாள்.

மறுநாள் காலை அவன் மகள் பாப்பாவை, கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனைக்குக் கூட்டிவந்தார்கள். தம்பி பிடிவாதமாகச் சக்கர நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தான். எட்டு வயதுப் பாப்பா புளிப்பு மருந்தை முகம் சுளித்துக் குடித்து, அரை மணி நேரம் காலாட்டிக்கொண்டு இருந்துவிட்டு, கொடுத்த பையில் கன்னம் உப்ப ஊதினாள். சரியாகச் செய்கிறோமா என்று ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். பை நிறைந்ததும் வாங்கிக்கொள்ள அத்தை கையை நீட்டினாள்.

"அத்தைகிட்ட குடுக்காத பாப்பா" என்றான், குரலை உயர்த்தாமல். "நர்ஸ்கிட்ட குடு."

பாப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நீட்டிய கையைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.