எல்லா வரியும் மாப்பிள்ளை பேரில்

அன்று மழையா வெயிலா என்பதுகூட இப்போது சரியாக நினைவில்லை. பேச்சும் கொஞ்சம் முன்பின் ஆகியிருக்கலாம். மேனேஜரின் குரலை மட்டும் மறக்க வழியில்லை.

மனைவியின் அண்ணன் சொல்லி உள்ளே வந்தவன் என்பதால், ஆபீஸ் முழுக்க அவனுக்கு மாப்பிள்ளை என்றே பெயர். மச்சானுக்குப் பக்கத்து மேசை. மாப்பிள்ளையின் வேலை நிரந்தரமா, வீட்டுக்குப் போகலாமா என்று மேனேஜர் அன்று மாலை சொல்வதாக இருந்தது.

அவன் உருவாக்கியிருந்தது, தானே கணினி நிரல் எழுதும் ஒரு நிரல். எந்தத் திரை வேண்டுமென்று சொன்னால் போதும், அதுவே எழுதித் தள்ளும். ஆனால் வரிகள் தூங்கி எழுந்த தலைமுடி மாதிரி திசைக்கொன்றாக நிற்கும்.

"அதுக்கு ஒரு சீப்பு வாங்கிக் குடு மாப்ள" என்றார் மச்சான்.

ரோஷம் வந்துவிட்டது. ஃபார்மேட்டர் என்றொரு கருவி உண்டு. அர்த்தத்தைத் தொடாமல் வரிகளை மட்டும் நேராக்கும். தன் நிரலே அதைக் கூப்பிட்டு, நேரானதைக் கம்பெனியின் பொதுக் கிடங்கில் சேர்த்துவிடும்படி செய்தான். எந்த ஃபோல்டர் என்று சொல்லுமிடத்தில்தான் கை பிசகியது. தன்னுடையதற்குப் பதில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்ததைக் கொடுத்தான். கருவி கம்பெனியின் மொத்த நிரலுக்கும் தலைவாரிவிட்டது. கடைசியாகத் தொட்டவர் பெயரே வரிக்குப் பக்கத்தில் நிற்கும் என்பதால், எல்லாம் அவன் கணக்கில் ஏறியது.

"எந்த வரியத் தொட்டாலும் உன் பேரு வருது! நீ ஸ்கூல் போன காலத்துல எழுதினதுகூட நீ எழுதினதாம்!" மேனேஜர் நேராக அவன் மேசைக்கே வந்துவிட்டார்.

"என் தங்கச்சிகிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்று முணுமுணுத்தார் மச்சான்.

"ஒரு ஃபைலயாவது விட்டு வச்சியாப்பா?" என்றார் மேனேஜர்.

கேள்வி என்று வந்தபின் பதில் சொல்லத்தானே வேண்டும். மாப்பிள்ளை திரையைப் பார்த்தான். "ஒண்ணே ஒண்ணு மேடம். அதப் படிக்கவே முடியலன்னு ஃபார்மேட்டர் விட்டுடுச்சு. ஒரு அடைப்புக்குறி மூடாம இருக்கு."

"எது?"

"வாடிக்கையாளர் புகார் பக்கம். அதனால ஆரம்பிச்ச நாள்லேருந்து அந்தப் பக்கம் யாருக்கும் திறந்தே இருக்காது."

கம்பெனிமேல் ஒரு புகார்கூட வந்ததில்லை என்பது மேனேஜர் வருஷாவருஷம் மேடையேறிச் சொல்லும் பெருமை. மச்சான் எட்டிப் பார்த்தார்.

"அதுல மட்டும் பழைய பேரே இருக்கு மேடம்."

"யாரு பேரு?"

"உங்க பேரு."

மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மூடித் தொலைப்பா" என்றார் மேனேஜர்.

"லேப்டாப்பையா மேடம்?"

"அடைப்புக்குறிய!"

மாப்பிள்ளைக்கு அன்றே வேலை நிரந்தரமானது. பக்கம் திறந்துகொண்டதும் புகார்கள் குவியக் குவிய, அதற்கென்றே ஒரு துறை திறந்து மேனேஜரைத் தலைவராக்கினார்கள். மச்சான் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். வரிகள் இன்னும் மாப்பிள்ளை பேரில்தான் இருக்கின்றன. எது உடைந்தாலும் அவனுக்குத்தான் போன் வருகிறது.