படிவத்தின் ஏழாம் கேள்வி

1

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, என் அக்கா, என் மகன், மருமகள். வாசற்கதவருகே பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர். இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பித் தர வந்தவர். ஆக ஆறு பேர்.

இந்தக் கதை பிறந்தது அந்த ஆறாவது ஆளால். கதவுச் சந்தில் பாதியைப் பார்த்தார், மீதியைத் தானே இட்டு நிரப்பினார். என் அறுவை சிகிச்சை வீண், முழங்கால் மடங்கி நான் தரையில் விழுந்தேன் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

இந்த வதந்தி எனக்கு வசதியானது. எழுத இத்தனை நாள் ஆனது அதனால்தான்.

2

முதல் தொடக்கம்: "பேருந்துப் படியில் கால் பிசகிய அந்த மாலையில்..." (வேண்டாம். படியா முக்கியம்?)

இரண்டாவது: "மனித உடலின் விந்தைகளுள் குருத்தெலும்பு..." (பாடப்புத்தகம்.)

ஆனாலும் வாசகருக்கு இது தெரிய வேண்டும். மூட்டில் எலும்பு முனைகளை வழுவழுப்பாக மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் இல்லை. பழுதானால் தானாக ஆறுவது அரிது. என் முழங்காலிலேயே பாரம் விழாத ஓரத்தில் ஒரு துணுக்கு எடுத்தார்கள். அதன் செல்களை மருத்துவமனையின் ஆய்வகத்தில் பெருக்கி, மெல்லிய சவ்வில் வளர்த்து, ஆறு வாரம் கழித்துத் தபால்தலை அளவில் ஓர் ஒட்டாகப் பதித்தார்கள்.

3

மருமகளை எப்படி அறிமுகம் செய்வது? "கடமையுணர்வு மிக்க..." (படித்தால் சிரிப்பாள்.)

என் மகன் எங்களைக் கேட்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்ட பெண். தனிக்குடித்தனம். வந்து போவார்கள், நான்கு ஆண்டுகள் நான் அவளிடம் நேராகப் பேசியதில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் மனைவியின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பேன்.

அவளுக்கு வேலை அந்த ஆய்வகத்தில். கையுறை, முகமூடியோடு, உடல் சூட்டில் வைத்த பெட்டிகளை எடுத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை செல்களுக்கு ஊட்டத் திரவம் மாற்றுவாள். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் நான்

4

(மேலே நின்றுபோன வாக்கியத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.)

மருத்துவமனைப் படிவத்தில் ஏழாம் கேள்வி: இங்கு பணிபுரியும் உறவினர் எவரேனும் உண்டா? அப்போது என் பேனா...

(பேனாவின் மேல் பழி போடாதே.)

"இல்லை" என்று எழுதினேன்.

உறவினரின் செல்களை ஊழியர் தொடக்கூடாது என்பது அங்கே விதி. உண்மையை எழுதியிருந்தால் என் பெட்டி வேறொருவரிடம் போயிருக்கும். நான் மறுத்ததால், பெயரில்லாமல் வெறும் எண்ணாக, அவளிடமே போனது. அவளோ, மாமா "உண்டு" என்றுதான் எழுதியிருப்பார், பெட்டி தன்னிடம் வராது என்று நம்பியிருந்தாள். ஆறு வாரம் ஞாயிற்றுக்கிழமையும் போய் என் முழங்காலுக்கு ஊட்டியிருக்கிறாள்.

ஒட்டை அனுப்பும் சீட்டில் என் பெயரைப் பார்த்ததும் தலைமை அதிகாரியிடம் தானே போய்ச் சொன்னாள். மறுபரிசோதனை, இரண்டு நாள் தாமதம். ஒட்டு தேறியது. அதிகாரி என்னை அழைத்தார்.

"ஐயா, சொந்தக்காரங்க யாருமில்லன்னு எழுதியிருக்கீங்க. இந்தப் பொண்ணு உங்க மருமகங்குது. ரெண்டுல எது சரி?"

அடித்துத் திருத்தி, ஓரத்தில் கையெழுத்திட்டேன். கண்ணாடிக்கு அப்பால் அவள் நின்றிருந்தாள்.

5

ஓராண்டு ஆயிற்று. பதினெட்டு மாடிப்படிகள் ஏறுகிறேன். படிக்கு ஒரு நன்றி, வாய்க்குள்ளேயே. ஏணி திரும்பி வந்த அன்று காலைதான் மருத்துவர், "இனி மண்டி போட்டு உட்காரலாம்" என்றிருந்தார். கூடத்தில் ஒரே கலகலப்பு. செல்களை வளர்த்தது அவள்தான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, படிவத்தில் நான் எழுதியது மட்டும் தெரியாது.

"தம்பியோட செல்லு எப்படிம்மா வளந்துச்சு?" என்றாள் அக்கா.

"ரொம்ப சமத்து, பெரியத்தை. கொஞ்சங்கூட அடம் பிடிக்கல."

"அப்ப பெட்டி மாறிப்போச்சு," என்றாள் என் மனைவி.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் படிவத்தில் எழுதியதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"எங்கிட்டகூட ஏன் சொல்லல?" என்று மகன் அவளைக் கேட்டான்.

"அது மாமாவோட படிவம். வெளிய சொல்லக்கூடாது."

என் மானத்தை ஓராண்டு அவள்தான் காத்திருக்கிறாள். அதன்பின் நடந்ததைத்தான் மருந்துக்கடைக்காரர் பாதி பார்த்தார்.

6

முடிவு (அ): அவள் கையிலிருந்த பேனா சோபாவுக்கடியில் உருண்டது, எடுக்கக் குனிந்தேன். (கௌரவமான முடிவு. ஆனால் பேனா எதுவும் உருளவில்லை.)

முடிவு (ஆ), அக்கா சொல்லிக்கொடுத்தது: "விழுந்துட்டேன்னே இருக்கட்டும்டா. நடந்ததச் சொன்னா நாலு பேரு முன்னாடி நம்ம குடும்ப மானம் என்னாவுறது?"

குடும்ப மானம் எனக்கும் தெரியும். நான் விழுந்தேன் என்றால், அவள் வளர்த்தது சரியில்லை என்றாகும். அவளும் குடும்பம்தான்.

யார் கண் முதலில் கலங்கியது, அவள் என்ன சொன்னாள் என்பதையெல்லாம் வாசகர் விருப்பத்துக்கு விடுகிறேன். ஒன்றை மட்டும் விட மாட்டேன்.

நான் விழவில்லை. என் மருமகள் முன்னால் மண்டியிட்டேன். யார் கையையும் பிடிக்காமல் எழுந்தேன்.