பதினாலாம் நம்பர் இறக்கம்

சின்னக்கானலுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து ஏற்றப் பேட்டரி வண்டி வந்து இறங்கிய அன்று, அதை ஓட்ட ஒருத்தரும் முன்வரவில்லை. டிரைவர்கள் மூன்று பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். மூவரில் மூத்தவர் அமிர்தநாதன், முப்பது வருஷமாக டிராக்டர் ஓட்டுகிறவர். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார், குனிந்து அடியில் பார்த்தார், நிமிர்ந்து எஞ்சின் எங்கே என்று கேட்டார். எஞ்சின் கிடையாது என்று கம்பெனிக்காரர் சொன்னதும், பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் இல்லை என்று சொன்ன மாதிரி அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

துரைக்குக் கோபம். எஸ்டேட்டில் மேனேஜரை இன்னமும் துரை என்றுதான் சொல்கிறார்கள், வெள்ளைக்காரன் கப்பலேறி எத்தனை காலமானால் என்ன. வேறு யாருக்காவது லைசென்ஸ் இருக்கிறதா என்று காலையில் பேர் வாசிக்கும் மஸ்டரில் கேட்டார். கொழுந்து பறிக்கும் பெண்கள் நின்ற வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. செல்வப்பிரியாவின் கை.

இருபத்தொன்பது வயது. ஆறு வருஷமாகக் கொழுந்து பறிக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக ராஜாக்காட்டுக்கு பஸ் ஏறிப்போய் டிரைவிங் பழகி லைசென்ஸ் வாங்கியவள். வீட்டில் சைக்கிள்கூட இல்லாதவளுக்கு லைசென்ஸ் எதற்கு என்று லயத்து வீடுகளில் எல்லோரும் சிரித்தார்கள். ரிசார்ட் சமையல்கட்டில் வேலை பார்க்கும் அவள் புருஷன் வேல்முருகன் மட்டும் சிரிக்கவில்லை. டிரைவர் வேலை கேட்டு இரண்டு தடவை ஆபீஸுக்கு மனு கொடுத்தாள். பார்க்கலாம் என்றார்கள். பார்த்தார்களோ என்னவோ, கொடுக்கவில்லை. அவளுக்கோ ஸ்டீயரிங் என்றால் அப்படி ஒரு ஆசை. கொழுந்து பறிக்கும்போது கீழே ரோட்டில் டிராக்டர் போனால், அவள் கால் தன்னையறியாமல் பிரேக் மிதிக்கும்.

துரை கணக்காகச் சொல்லிவிட்டார். பதினைந்து நாள் பரீட்சை. வண்டி தேறினால் வண்டியும் இருக்கும், அவளும் டிரைவராக இருப்பாள். தேறாவிட்டால் வண்டி லாரியேறிப் போய்விடும், அவள் மறுபடி கூடையை மாட்டிக்கொண்டு வரிசைக்குப் போகவேண்டியதுதான்.

வேலை என்னவோ எளிதுதான். மலை உச்சியில் பதினாலாம் நம்பர் தோட்டம். பறித்த கொழுந்தை அங்கே உள்ள கொட்டகையில் எடை போட்டு, சாக்கில் கட்டி அடுக்குவார்கள். அதை ஐந்து கிலோமீட்டர் கீழே ஃபேக்டரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். கொழுந்து காத்திருக்காது. நேரமானால் சாக்குக்குள் சூடேறிச் சிவந்துபோகும். சிவந்த கொழுந்தை ஃபேக்டரியில் கழித்துக் கட்டிவிடுவார்கள், பறித்தவளின் நாள் முழுக்க வீண்.

முதல் வாரம் நன்றாகவே போயிற்று. சத்தமே இல்லாமல் வந்து நிற்பதால் பெண்கள் வண்டிக்கு 'பூனை' என்று பேர் வைத்தார்கள். புகை இல்லை, கொழுந்தில் டீசல் வாடை இல்லை. ஆனால் சார்ஜ்தான் உதைத்தது. கீழே ஃபேக்டரியில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏற்றினால் காலையில் திரையில் நூறு என்று காட்டும். ஒரு தடவை மேலே ஏறினால் பன்னிரண்டு குறையும். ஏழு நடை போய் வந்தால் மிச்சம் பதினாறு, அதிலும் ஐந்துக்கு வந்தாலே வண்டி நின்றுவிடும். மழை விட்டுக் கொழுந்து கொட்டுகிற மாசத்தில் ஏழு நடை எந்த மூலைக்கு?

செல்வப்பிரியா தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினாள். அந்த மலையில் டிரைவர் என்றால் முதலில் தெரிந்திருக்கவேண்டியது ஒன்றே ஒன்று: இறக்கம் வந்தால் நியூட்ரலில் விடு. யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை, மலைக்காற்றில் கலந்து கிடக்கிறது. டீசல் விலை ஏற ஏற, பஸ்காரர், ஜீப்காரர், டிராக்டர்காரர் எல்லோருமே இறக்கத்தில் கியரைத் தட்டிவிட்டுச் சும்மா உருண்டார்கள். எங்கோ வளைகுடாவில் இரண்டு தேசம் முறைத்துக்கொண்டால் சின்னக்கானலில் வண்டி நியூட்ரலில் இறங்கும். விலை ஏறும்போதெல்லாம் யூனியன் போராட்டம் நடத்தும், அந்தப் பக்கத்துப் பேச்சில் சமரம். ஒரு ஜீப்புக்குக் கயிறு கட்டி, எஞ்சினை அணைத்து, ஊர்வலமாக இழுத்துப் போவார்கள். கயிற்றில் முதல் ஆள் அமிர்தநாதன். மறுநாள் விலை இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும், அவர் தோளில் கயிறு அறுத்த தழும்பும் இருக்கும்.

ஆக, செல்வப்பிரியாவும் ஒவ்வொரு நடையும் பாரம் ஏற்றியதும் நியூட்ரலில் போட்டு, பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு, சார்ஜை மிச்சம் பிடிக்கிற பெருமையோடு இறங்கினாள். கம்பெனிக்காரர் பத்து நிமிஷம் மலையாளத்தில் விளக்கிவிட்டுப் போனதில் நியூட்ரலைப் பற்றி ஒன்றுமில்லை. நியூட்ரலில் போடுவார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது, போடக்கூடாதோ என்று கேட்க இவளுக்கும் தோன்றவில்லை.

ஒன்பதாம் நாள் எட்டாவது நடைக்கு ஆசைப்பட்டாள். கொட்டகைக்கு இரண்டு வளைவு கீழே, சார்ஜ் தீர்ந்து வண்டி நின்றது. அமிர்தநாதனின் டிராக்டர் வந்து கயிறு கட்டி இழுத்தது. சாயங்காலம் ஆபீஸிலிருந்து செய்தி வந்தது. சனிக்கிழமை லாரிக்குச் சொல்லியாகிவிட்டது என்றார்கள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. வண்டி போவதல்ல, அந்த சீட்டில் உட்கார்ந்த பிறகு அதைவிட்டு எழுந்திருப்பதுதான் அவளால் நினைத்துப் பார்க்கமுடியாததாக இருந்தது.

பதினோராம் நாள் வியாழக்கிழமை. காலையில் டீசல் பம்புக்குப் போன அமிர்தநாதன் வெறும் கேனோடு திரும்பினார். எங்கேயோ கப்பல் வராமல், கீழே டிப்போவில் சரக்கு இல்லாமல், இரண்டு பம்பிலும் 'ஸ்டாக் இல்லை' என்று அட்டை தொங்கிற்று. டிராக்டர் மூன்றும் கீழே ஃபேக்டரியிலேயே படுத்துவிட்டன. மேலேயோ பதினோரு நடைக்கான கொழுந்து. எழுபது பெண்களின் ஒரு நாள் உழைப்பு பூனையின் முதுகில் வந்து உட்கார்ந்தது.

செல்வப்பிரியா மனக்கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஏழு நடைதான் வரும், மிச்சம் நாலு நடை சிவந்துபோகும். துரையிடம் போய் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஓட்டுகிற வரை ஓட்டுவோம் என்று ஏறி உட்கார்ந்தாள்.

நாலு நடை முடிந்தது. ஐந்தாவது தடவை மேலே போனபோது திரையில் நாற்பது. சும்மா இருக்கப் பிடிக்காத அமிர்தநாதன் சாக்கு ஏற்ற மேலே வந்திருந்தார். ஏற்றி முடித்ததும் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். அவசரத்தில் அன்றைக்கு வழக்கத்துக்கு மேல் ஆறேழு சாக்கு அதிகம். மழை தூறிக்கொண்டிருந்தது. முதல் வளைவைத் தாண்டியதும் வழக்கம்போல் நியூட்ரலில் போட்டாள்.

மூன்றாவது வளைவில் கருகல் வாடை வந்தது. பிரேக். மிதித்தால் கால் கொஞ்சம் கூடவே உள்ளே போனது. அமிர்தநாதனுக்கும் மூக்கில் ஏறிவிட்டது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார், வாய்க்குள் மாதாவைக் கூப்பிட்டார். செல்வப்பிரியா, சார்ஜாவது மண்ணாவது என்று, குமிழைத் திருப்பி நியூட்ரலிலிருந்து கியருக்குக் கொண்டுவந்தாள்.

வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து நிறுத்துவதுபோல் வேகம் அடங்கியது. காலை எடுத்துப் பார்த்தாள். பிரேக் மிதிக்காமலே வண்டி நிதானமாக இறங்கியது. போன உயிர் திரும்பி வந்தது.

அமிர்தநாதனுக்கும் உயிர் வந்தது, உடனே பழைய புத்தியும் வந்தது. வளைவு தாண்டிச் சமதளம்போல் இருந்த இடத்தில் நியூட்ரலில் போடச் சொன்னார். வீணாகச் சார்ஜைத் தின்னுகிறாய் என்று குறைப்பட்டார். எவ்வளவு தின்றிருக்கிறது என்று இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள்.

நாற்பத்திரண்டு.

நாற்பதுதானே இருந்தது என்றார் அவர். திரை கெட்டுவிட்டது என்று முடிவு செய்து விரலால் தட்டினார். தட்டிய விரலுக்குக் கீழேயே அது நாற்பத்துமூன்றாயிற்று. விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அடுத்த வளைவில் நாற்பத்துநாலு. ரேடியேட்டர் கொதிக்கிற வண்டியில் உட்கார்ந்திருக்கிறவர்போல அவர் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார். ஃபேக்டரி வாசலில் வண்டி நின்றபோது நாற்பத்தெட்டு. பாரத்தோடு இறங்குகிற வண்டி, கியரில் உருளும்போதே தன் மோட்டாரைச் சுழற்றித் தனக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தது.

செல்வப்பிரியா ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பத்து நாளாக ஒவ்வொரு நடையும் எட்டு எட்டாக ரோட்டில் கொட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், அதுவும் மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று.

அமிர்தநாதன் இறங்கவே இல்லை. முன்கண்ணாடி வழியாக மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருசமா இந்த எறக்கத்துல சும்மாவே எறங்கியிருக்கேனே, தங்கச்சி," என்றார். "எங்க இருந்தோ கப்பல்ல வருது, கப்பல்ல வருதுன்னு கயித்தப் புடிச்சி இழுத்துக்கிட்டுத் திரிஞ்சோம். இது நம்ம மலையிலயே கெடந்துருக்கு பாரேன்."

சார்ஜருக்கு வரும் கரண்டும் வேறெங்கிருந்து வருகிறதாம் என்றாள் அவள். ஆனையிறங்கல் அணையில் சேர்ந்து கரண்டாவது நம்மை நனைத்த மழைதானே. அவருக்கு அது இன்னும் பிடித்துப்போயிற்று. அன்று பகல் முழுக்க அதையே ஆள் ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், தானே கண்டுபிடித்தது மாதிரி.

ஃபேக்டரி மெக்கானிக் பிரேக்கைச் சரிபார்த்து, ஆறவைத்து, போகலாம் என்றார். ஆறாவது நடையில் மேலே போனதும் அமிர்தநாதன் கொட்டகையில் நின்று பிரசங்கமே செய்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் கத்தரீனாளும் ஒருத்தி. அந்தத் தோட்டத்தில் அதிகக் கிலோ பறிக்கிறவளும் அதிகச் சத்தம் போடுகிறவளும் அவள்தான். அப்படியானால் நாங்கள் பறித்த கொழுந்தின் கனம்தான் வண்டியை இழுக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றதும், சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, இனிமேல் கொழுந்தோடு கரண்டுக்கும் எடை போடச் சொன்னாள். கொட்டகை கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு.

நடை ஏறும்போது பன்னிரண்டு போனது, இறங்கும்போது எட்டு வந்தது. ஒவ்வொரு தடவை வண்டி வளைவு திரும்பி மேலே வரும்போதும் பெண்கள் பறிப்பதை நிறுத்தி, எவ்வளவு என்று கத்திக் கேட்டார்கள். செல்வப்பிரியா ஜன்னல் வழியாக விரல் காட்டினாள். மத்தியானச் சோறு ஓட்டிக்கொண்டே தின்றாள், அமிர்தநாதன் உருட்டி உருட்டிக் கையில் கொடுத்தார். பத்தாவது நடையில் கீழே வந்தபோது இருபத்தெட்டு.

பதினோராவது நடைக்கு மேலே போனால் பத்துச் சாக்குதான் மிச்சம். திரையில் பதினாறு. இதுவே தாராளமாகக் கீழே போகப் போதும். ஆனால் கத்தரீனாள் விடவில்லை.

"பத்து சாக்குக்கு என்ன சார்ஜ் ஏறப்போவுது? ஏறுங்கட்டி எல்லாரும். நம்ம கனத்தையும் எடுத்துக்கிடட்டும்."

ஒன்பது பேர் ஏறினார்கள். கொழுந்து நசுங்கக்கூடாது என்று சாக்குகளைச் சுற்றி ஓரமாக உட்கார்ந்துகொண்டார்கள், கூடைகள் தலைக்கு மேல். மழை விட்டு வெயில் சாய்ந்திருந்தது. வழியெல்லாம் பாட்டு. ஒவ்வொரு நம்பர் ஏறும்போதும் செல்வப்பிரியா உள்ளேயிருந்து கத்திச் சொல்ல, அது தன் கனம்தான் என்று பின்னால் ஒவ்வொருத்தியும் சண்டை பிடித்தார்கள். ஃபேக்டரி வாசலில் இருபத்துமூன்று காட்டியது. ஒரு சாக்குக்கூடச் சிவக்கவில்லை.

துரை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அமிர்தநாதன் சொன்னதைக் கேட்டார், திரையைக் குனிந்து பார்த்தார், அமிர்தநாதனைப்போலவே ஒரு தட்டுத் தட்டினார். சரி என்றார். நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லவில்லை, உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை மஸ்டர். சூப்பர்வைசர் பேர் வாசித்தார். பரீட்சை நாட்களிலும் செல்வப்பிரியாவின் பேர் பறிக்கும் பெண்களோடுதான் இருந்தது, ஆனந்திக்கும் மோனிஷாவுக்கும் நடுவில். ஆனந்தி என்றார். அடுத்தது மோனிஷா என்றார். நடுவில் செல்வப்பிரியாவைக் காணோம். விட்டுப்போயிருக்கும் என்று பார்த்தால் அவர் நிற்காமல் வாசித்துக்கொண்டே போகிறார். வண்டியும் போய், வரிசையும் போயிற்றா? பக்கத்தில் நின்ற ஆனந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எழுபது பேரின் பேரும் வாசித்து முடிந்தது. சூப்பர்வைசர் தாளைப் புரட்டினார். டிரைவர்கள் என்றார். அமிர்தநாதன். ஆசீர்வாதம். பிச்சைமணி. பிறகு தாளைக் கொஞ்சம் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், அந்தப் பேர் மட்டும் புது மையில் எழுதியிருந்தது.

"செல்வப்பிரியா."

ஆறு வருஷமாகத் தினமும் சொல்கிற பதில்தான். அன்றைக்கு அதை எங்கே நின்று சொல்வது என்று டிரைவர்கள் பக்கம் பார்த்தாள். மூன்று டிரைவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அமிர்தநாதன் ஓர் அடி நகர்ந்து, தனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டார்.

செல்வப்பிரியா பெண்கள் வரிசையிலிருந்து வெளியே வந்து, முற்றத்தைக் கடந்து, அந்த இடத்தில் போய் நின்றாள்.

"இருக்கேன் சார்," என்றாள்.