பச்சைப் பொட்டலத்தைத் தின்றவர்

"தின்னீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"சுத்தி வளைக்காதீங்க. மெஷின் மேல வெச்ச பொட்டலம் எங்க?"

"தேதி முடிஞ்சு மூணு நாளாச்சு. வீணாப் போகுதேன்னு..."

"அப்ப தின்னுட்டீங்க."

"பாதிதான் தின்னேன். மீதி நமுத்துப் போச்சு."

இந்தப் பேச்சு நடந்தபோது தபால்காரர் தியென்-வாங் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். இரண்டடி தள்ளி நின்ற அவர் மனைவி யுவே-ஷியாவின் காலடியில் தரை காய்ந்து கிடந்தது. பின்பக்கத்துப் பால்கனியில் இருந்த துணி துவைக்கும் மெஷினிலிருந்து காலை ஆறரை மணிக்கு ஒழுகிய தண்ணீர், வடிகால் ஓட்டையை ஒரு தரம் எட்டிப் பார்த்தது. வேண்டாமென்று திரும்பி, சமையலறை வழியாக நடந்து வந்து, அவர் காலைச் சுற்றி ஒரு முறத்தின் அகலத்துக்குப் படுத்துக்கொண்டது. அவர் நாற்காலிக்குப் போனால் அதுவும் போயிற்று. கழிப்பறைக்குப் போனால் கதவுக்கு வெளியே காத்திருந்தது.

தைவானில், தைனான் நகருக்கு மேற்கே, மீன் குளங்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் தெருவில் மெஷின் என்று எது இருந்தாலும் அதன் தலையில் ஒரு பச்சைப் பொட்டலம் இருக்கும். உள்ளே தேங்காய் மணம் போட்ட சோளப் பொரி. பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும் பெயருக்கே சமர்த்தாக இரு என்றுதான் பொருள்; அதை வைத்தால் மெஷின் மக்கர் பண்ணாது என்பது நம்பிக்கை. பச்சையாக இருக்க வேண்டும், மஞ்சள் ஆகாது. தேதி முடியுமுன் புதியது மாற்ற வேண்டும். மெஷினுக்கு வைத்ததை மெஷினுக்கே விட்டுவிட வேண்டும். இது தியென்-வாங்குக்குத் தெரியாததல்ல. தபால் ஆபீஸில் முத்திரை குத்தும் மெஷினுக்குப் பொட்டலம் மாற்றுவதே அவர்தான். ஆனால் அன்று காலை கஞ்சி ஆறவில்லை, பசி பொறுக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

வேறு வருடமாக இருந்திருந்தால் யுவே-ஷியா ஒரு வாளியை வைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். இந்த வருடம் அப்படியில்லை. ஒன்பது நாளில், ஊர் மண்ணைக் காக்கும் மண்சாமி அவள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. ஒவ்வொரு வருடமும் சாமியின் பிறந்தநாளில், பிறை வடிவக் கட்டைகள் இரண்டை எல்லோரும் உருட்டிப் பார்ப்பார்கள். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் சாமி சரி என்கிறார். யாருக்கு விடாமல் அதிக சரி விழுகிறதோ, அவர் வீட்டில் அந்த வருடம் முழுக்கச் சாமியின் சிறு சிலையும் தூபக்காலும் இருக்கும். யுவே-ஷியா இருபத்திரண்டு வருடமாக உருட்டி, நாலுக்கு மேல் போனதில்லை. இந்த முறை எட்டு விழுந்தது. ஏழு விழுந்தவள், பக்கத்து வீட்டில் மீன் கஞ்சிக் கடை வைத்திருக்கும் ஆ-மான். தண்ணீர் வந்த மறுநாளே அவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, வீடெல்லாம் ஈரமாமே."

"வீடு காஞ்சுதான் இருக்குக்கா. அவருதான் ஈரம்."

"எதுக்குச் சொல்றேன்னா, மண்சாமி பாரு. தண்ணில வெச்சாக் கரைஞ்சு போயிரும். முடியலன்னா சொல்லு, ஏழும் நல்ல நம்பர்தான்."

அன்று மத்தியானமே பழுது பார்க்கும் லியாவ் வந்தார். ரப்பர் வளையத்தை மாற்றினார், குழாயை மாற்றினார், மெஷினைக் குப்புறக் கவிழ்த்து அதன் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். தியென்-வாங் தபால் கொடுக்கப் போயிருந்த அந்த நேரத்தில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஏற்கெனவே ஒழுகிய தண்ணீர் அவரோடு போயிருந்தது. ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒரு கஜ தூரம் விட்டு ஓடி, சிவப்பு விளக்கில் நின்று, மேட்டில் மூச்சு வாங்கி ஏறியதைத் தெருவே பார்த்தது. லியாவ் கையைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"மெஷினுக்கு ஒரு குறையும் இல்லம்மா. உங்க வீட்டுக்காரரைத்தான் சர்வீஸுக்கு விடணும்."

"புதுப் பொட்டலம் வெச்சாச்சே."

"அது மெஷினுக்கு. இவரு வயித்துல இருக்கறது மெஷினோடது. தண்ணி அதைத் தேடித்தான் வந்திருக்கு. நம்ம மேல என்ன கோபம் அதுக்கு."

அடுத்த ஒரு வாரத்தில் செய்யக்கூடியதெல்லாம் செய்து பார்த்தார்கள். தியென்-வாங் பச்சைப் பொட்டலத்தைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். பேதி மருந்து குடித்தார். மீன் குளத்தில் கழுத்தளவு இறங்கி நின்று, தண்ணீர் தண்ணீரோடு கலந்துவிடுமென்று பார்த்தார். கரையேறியபோது சோப்பு வாசனை மாறாமல் அதே தண்ணீர் அதே அளவில் பின்னாலேயே ஏறி வந்தது. கூடவே இரண்டு மீன் குஞ்சுகள் வந்தன, அவற்றைத் திருப்பி விட வேண்டியதாயிற்று. யுவே-ஷியா அவரைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தாள். ஆனால் சாமியைச் சுமந்து வர வீட்டுக்காரர் வேண்டும், அதுதான் முறை.

ஒன்பதாம் நாள் கோயிலில் கூட்டம். தியென்-வாங் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார், தண்ணீரும் ஒவ்வொரு படியாக ஏறி வந்து வாசலில் நின்றது. ஆ-மான் புதுச் செருப்போடு வந்திருந்தாள், அதுவே பேசிற்று. கோயில் தலைவர் ஹுவாங், சாமியையே கேட்டுவிடலாம் என்று கட்டைகளை யுவே-ஷியாவிடம் கொடுத்தார். தண்ணீர் தன் வீட்டை விட்டுப் போகுமா என்று கேட்டு உருட்டினாள். இரண்டு கட்டைகளும் தட்டைப் பக்கம் மேலே தெரிய மல்லாந்து விழுந்தன. அப்படி விழுந்தால் சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம். மறுபடி உருட்டினாள், மறுபடி சிரித்தார். பதினாலு தடவை உருட்டி, பதினாலு தடவையும் சிரிப்புத்தான்.

"எனக்கே வாய் வலிக்குது," என்றார் ஹுவாங்.

"சிரிச்சா வர மாட்டேன்னு அர்த்தமில்லையா," என்றாள் ஆ-மான்.

"கேள்வி சரியில்லன்னு அர்த்தம்."

யுவே-ஷியா கட்டைகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் எப்போதும் வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறாள், இருப்பதைச் சொன்னதில்லை. "சாமி, எங்க வீட்டுக்காரர் கொஞ்சம் தின்னிப்பண்டாரம். அவர் இருக்கற இடத்துல தண்ணி இருக்கும். நான் எவ்வளவுதான் துடைக்கறது. இப்படியே வர்றதுன்னா வாங்க," என்று சொல்லி உருட்டினாள். ஒன்று கவிழ்ந்தது, ஒன்று மல்லாந்தது. மூன்று தரமும் அப்படியே. தியென்-வாங் சாமியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தண்ணீர் வழி நெடுக அவருக்கு முன்னால் ஓடித் தூசி அடக்கிற்று.

அந்த வருடம் நல்ல வருடம்தான். தபால்களின் ஓரம் கொஞ்சம் நனைந்து வந்தது, யாரும் புகார் எழுதவில்லை. தண்ணீர் அழுக்கானால் யுவே-ஷியா அதை மெஷினில் விட்டுச் சோப்புப் போட்டுத் துவைத்து எடுத்தாள். மழை பொய்த்த நாலு மாதத்தில் பூண்டு போட்டவர்கள் தியென்-வாங்கை வேலை முடிந்ததும் கூட்டிப்போய், வரப்பில் ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பாத்திக்கு ஒரு மணி நேரம், ஒரு கோப்பை தேநீர். அவருக்கு அது பிடித்திருந்தது. ஆ-மான்கூடத் தன் தொட்டிச் செடிகளுக்கு இரண்டு தடவை கூப்பிட்டாள், கஞ்சியில் மீன் வயிற்றுத் துண்டாகப் பார்த்துப் போட்டாள்.

வருடம் திரும்பிற்று. இந்த முறை ஆ-மானுக்கு ஒன்பது விழுந்தது, யுவே-ஷியாவுக்கு மூன்று. சாமி பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டிய நாள் காலையில் தியென்-வாங் செருப்பில் காலை விட்டார். செருப்பு காய்ந்திருந்தது. குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார், கதவுக்குப் பின்னால் பார்த்தார், வாய்விட்டுக் கூப்பிட்டும் பார்த்தார். தண்ணீர் வரவில்லை. அவர் முகம் வாடிப்போயிற்று.

யுவே-ஷியா பால்கனிக்குப் போனாள். மெஷின் தலையில் இருந்த பச்சைப் பொட்டலம் ஓரத்தில் அழகாகக் கிழிக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"நீங்களா?"

"சத்தியமா நான் இல்ல. எனக்கு அந்தத் தேங்கா வாசமே இப்ப ஆகாது."

அவள் கூடத்துக்கு வந்தாள். சாமி மேஜைக்கு அடியில் தண்ணீர் முறத்தின் அகலத்துக்குச் சுருண்டு படுத்திருந்தது. மேஜை மேல் மண்சாமி எப்போதும் போல் சிரித்துக்கொண்டிருந்தார், அவருடைய வெள்ளைத் தாடியில் மூன்று சோளப் பொரித் தூள். வெளியே மேளம் கேட்டது. ஆ-மான் புதுச் செருப்போடு வாசலில் நின்று, தன் வீட்டுத் தரையை இரண்டு தடவை துடைத்து வைத்திருப்பதாக ஹுவாங்கிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். யுவே-ஷியா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியின் நுனியால் சாமியின் தாடியைத் துடைத்துவிட்டு, அவர் காதருகே குனிந்தாள்.

"ஆ-மான் அக்காகிட்ட நான் சொல்லட்டா, இல்ல நீங்களே போய்ச் சொல்லிக்கிறீங்களா?"