பொதுப் பட்டியல்

ஆறாம் வகுப்பில் ஒரு நாள், "உதவித்தொகை வாங்குற சாதிப் புள்ளைகள்லாம் எந்திரிங்க" என்றார் வாத்தியார். ஆர்த்திகா எழுந்தாள். பின்பெஞ்சில் சிரித்தார்கள். அதை வீட்டில் போய்ச் சொன்னதுதான் அவள் செய்த தப்பு. மறுநாளே அப்பா சிவபாண்டி அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்.

அலங்காநல்லூர் ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை அவருக்கு. தினமும் காலையில் மகளுக்குப் பாடம் நடத்திவிட்டுத்தான் கடை திறப்பார். கணக்கில் புலி, கோபத்திலும் புலி. பத்தாவதையும் பன்னிரண்டாவதையும் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினாள். ஆனால் ஏழு வருஷமாக ஒரே வாத்தியார், ஒரே மாணவி. சண்டை போடக்கூட ஒருத்தி கிடையாது. கல்லூரியில் அவள் கேட்டதெல்லாம் பக்கத்தில் உட்கார ஒரு பெண்ணைத்தான்.

கணிதம் ஒன்றை மட்டும் கேட்டு விண்ணப்பத்தை அப்பாதான் செல்போனில் நிரப்பினார். சாதிச் சான்றிதழ் வாங்கச் சொல்லி அம்மா கெஞ்சினாள்.

"எம் மக எவன் முன்னாடியும் சாதி சொல்லி எந்திரிக்க மாட்டா" என்று சொல்லி, 'பொது' என்று போட்டார். அன்று ஆர்த்திகாவுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

இன்று மதுரையில், அரசுக் கல்லூரியில் கடைசிக் கலந்தாய்வு. அவளுக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போதே பொதுப் பட்டியலில் கணிதத்துக்கு இடம் முடிந்துவிட்டது. பேராசிரியை மதிப்பெண்ணைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"சாதிச் சான்றிதழ் இல்லையா?"

"வாங்கலைங்க."

"வாங்கியிருந்தா கோட்டாவுல மொத பேரே இந்தப் பொண்ணுதான் சார். அந்தப் பட்டியல்ல இவளவிடக் கம்மி மார்க்குக்கெல்லாம் சீட்டு கொடுத்தாச்சு."

"இப்ப ஓடிப்போய் வாங்கிட்டு வாரேன்மா."

"பட்டியல் போட்டு எத்தனை நாளாச்சு. இனிமே மாத்த முடியாது சார்."

எந்த ஆபீசிலும் குரல் தாழ்த்தாத மனிதர் கும்பிட்ட கையோடு நின்றார். ஆர்த்திகாவுக்குப் பாவமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது. அன்று பின்பெஞ்சில் சிரித்தவர்கள் எல்லாரும் இந்நேரம் ஏதோ ஒரு கல்லூரியில் சேர்ந்திருப்பார்கள்.

வராந்தாவுக்கு வந்ததும் அப்பா அவள் தலையைத் தடவினார்.

"விடு தாயி. அடுத்த வருசம் பொதுவுலயே மொத ஆளா வருவ. நான் சொல்லித் தர்றேன்ல."

"வீட்டுலயாப்பா?"

உள்ளே அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து போனாள். யாரும் சிரிக்கவில்லை.