ஏழாவது தூண்

1
இந்தக் கதை என் அண்ணியுடையது. அவரைக் கேட்காமலேயே எழுதத் தொடங்கிவிட்டேன். அண்ணி பழைய கட்டடங்களின் உறுதியைச் சோதிக்கும் பொறியாளர். அண்ணன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் எலும்புக்கூடுகளுக்குப் பொறுப்பாளர்.

முதலில் எழுதிய வரி: 'பெரும் சத்தத்துடன் கூரை…'

[கூரை விழவே இல்லை. அடித்துவிட்டேன்.]

2
நடந்ததைச் சொல்கிறேன். பெரிய கூடத்தில் ஒரு திமிங்கல எலும்புக்கூட்டைத் தொங்கவிட வேண்டும். கூரை தாங்குமா என்று பார்க்க அண்ணி போனார். போனவர் வந்த வேலையை மறந்து கால் மணி நேரம் அண்ணாந்து நின்றார். கல் வளைவுகள் ஒன்றோடொன்று கிளை கோத்து மேலே போயின. தூணுக்குத் தூண் தலையில் வேறு உயிர்: நத்தை, தவளை, வௌவால். கண்ணாடிக் கூரை வழியே வெயில் கட்டம் கட்டமாகத் தரையில் கிடந்தது. கட்டியவர்களுக்கு ஓரிடத்திலும் கை சலிக்கவில்லை என்று அண்ணனிடம் சொல்லிச் சொல்லி வியந்தாராம்.

ஏழாவது தூணில், தவளைக்குக் கீழே, மயிரிழை அளவு ஒரு விரிசல். அதன் குறுக்கே அண்ணி ஒட்டிவைத்த மெல்லிய கண்ணாடிச் சில்லு மூன்றாம் நாள் உடைந்திருந்தது. விரிசல் வளர்கிறது என்று அர்த்தம்.

3
(இங்கே அண்ணனை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. நான்கு வருடம் அந்த எலும்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கோத்தவர் அவர். திறப்பு விழாவுக்கு ஆறே நாள்.)

"அறிக்கைய ஒரு வாரம் கழிச்சுக் குடு," என்றார் அண்ணன். "இத்தனை வருஷம் நின்னது ஒரு வாரம் நிக்காதா?"

"நிக்கலாம். ஆனா 'நிக்கலாம்'னு எழுதி நான் கையெழுத்துப் போட முடியாதுங்க."

அன்று மாலையே அறிக்கை போனது. கூடத்தைப் பூட்டினார்கள். அண்ணன் ஒரு மாதம் அண்ணிக்கு முகம் கொடுக்கவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட மகளிடம்தான் கேட்பார்.

4
முடிவு ஒன்று: தூணைப் பிரித்தால் உள்ளே பொத்தல், அண்ணன் கண்கலங்கி…

முடிவு இரண்டு: தூண் திடமாக இருக்கிறது, அண்ணி தலைகுனிந்து…

இரண்டும் பொய். தூணை யாரும் பிரிக்கவில்லை. சுற்றி இரும்புப் பட்டை போட்டு, இரண்டு வருடம் கழித்துத் திமிங்கலத்தை ஏற்றினார்கள்.

5
இதுவரை எழுதியதை அண்ணியிடம் படிக்கக் கொடுத்தேன்.

"உங்க அண்ணன் திரும்பப் பேச ஆரம்பிச்சதை எழுதலையே, தம்பி?"

என்ன சொல்லிப் பேச ஆரம்பித்தார் என்று கேட்டேன். அண்ணி தாள்களை அடுக்கிக் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. உங்களுக்கு ஆகியிருந்தால், அந்த ஒரு வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.